பக்கம் நாற்பத்தொன்று

ஓமலூர் ரோட்டுக் கல்லூரியில்
இரண்டாம் ஆண்டு சிவில், இரண்டு பிரிவு.
ஏ பிரிவுக்கு நான்,
பி பிரிவுக்குத் தனபாக்கியம்.
நோட்ஸ் ஒன்றுதான். எழுபத்திரண்டு பக்கம்,
அவர் கையெழுத்து,
கன்னங்குறிச்சி ஜெராக்ஸ் கடையில்
சுருள் கம்பி போட்டு நூற்றிருபது பிரதி.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில்,
கழித்தல் குறி இருக்கவேண்டிய இடத்தில்
கூட்டல்.

டிசம்பரில் மதிப்பீட்டுப் படிவம் வந்தது.
பெயர் எழுத வேண்டாம்,
வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்,
கீழே இரண்டு வரி கருத்து.
ஐந்துக்கு எனக்கு நான்கு புள்ளி ஆறு.
அவருக்கு மூன்று புள்ளி ஒன்று.

‘சார் நோட்ஸ் வேற லெவல்’
என் தாள்களில் பதினோரு பேர்.
‘நோட்ஸ்ல தப்பு இருக்கு, பக்கம் 41’
அவர் தாள்களில் ஒன்பது பேர்.

என் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்
திறக்கவே இல்லையா?

ஆகஸ்டில் ஒருவன் மீது சாக்பீஸ் எறிந்தேன்.
நெற்றியில் திருநீறு மாதிரி அப்பிக்கொண்டது.
வகுப்பே சிரித்தது, அவனும்.
‘கண்டிப்பு, ஆனா தங்கமான மனசு.’
அவர், ரெக்கார்டு நோட்டை நாளைக்குக் கொண்டு வா என்றார்.
அவ்வளவுதான்.
‘திமிரு.’
‘வீட்ல சண்டை போல.’
‘ஒரே காட்டன் புடவை.’
‘சிரிச்சா நல்லா இருப்பாங்க.’
இதில் பாதி பெண் பிள்ளைகளின் கையெழுத்து,
லேப் நோட்டில் பார்த்துப் பழகியதுதான்.
என் நீலக்கட்டச் சட்டை
வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறது.
அதைப் பற்றி யாரும் ஒரு சொல் எழுதவில்லை.

துறைத்தலைவர் கூப்பிட்டார்.
‘இன்கிரிமென்டுக்கு மூணரை வேணும் சார்.
எப்படி நடத்தணும்னு
நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.’
தட்டுவடை செட்டு வந்தது, பீட்ரூட் துருவல் வழிய.
வாயில் மொறுமொறுப்பு தீரும்வரை
பதில் சொல்ல வேண்டியதில்லை.
மேசையில் தேர்ச்சிப் பட்டியல் கிடந்தது.
ஏ பிரிவு எண்பத்தொன்று, பி பிரிவு எண்பத்தாறு.
தலைகீழாக நானே படித்துவிட்டேன்,
அவருக்கு அது நேராகவே இருந்தது.
இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் ஏற்காட்டில் விழா.
சிறந்த ஆசிரியர் கேடயம் எனக்கு.
கல்லூரிப் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில்
உறுமிக்கொண்டு ஏறியது.
கீழே சேலம், வெள்ளைக்கல் குவாரியின் காயம் பளிச்சென்று.
முன் இருக்கையில் அவர்,
கையில் எலுமிச்சம்பழம், கண் மூடி.
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
‘மேடம், அந்த நாப்பத்தோராம் பக்கம்...’
‘செப்டம்பர்லயே திருத்திட்டேன் சார்.
என் தப்புதான், மாத்திக்கங்கன்னு
போர்டுல எழுதிப் போட்டேன்.
நீங்க சொல்லிட்டீங்கல்ல?’

நான் அதைத் தீபாவளி லீவில் பார்த்தேன்.
பார்த்து, மூடி வைத்தேன்.

‘சொல்லிட்டேன்’ என்றேன்.
அவர் பழத்தை முகர்ந்தார்.
பதினான்காம் வளைவின் மஞ்சள் பலகை
ஜன்னலை உரசிப் போனது.

திங்கட்கிழமை, ஏ பிரிவு.
‘பக்கம் நாப்பத்தொண்ணு எடுங்க.’
‘சார், அது போன செமஸ்டர்.’
போர்டில் கழித்தல் குறி போட்டேன்.
கடைசி பெஞ்சிலிருந்து சாக்பீஸ் வாங்கியவன்:
‘அப்பவே பாத்தோம் சார்.
நீங்க எழுதினதாச்சே,
எங்க கணக்குதான் தப்புன்னு அடிச்சிட்டோம்.’

அது என் கையெழுத்து இல்லை என்று
சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது
என்று முடித்தால் அழகாக இருக்கும்.
மணி அடிக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.